தொப்பியிலிருந்து இறக்கப்பட்ட தூண்

புதுச்சேரிக் காவலர் தலையிலுள்ள சிவப்புக் கெப்பியை அடிமைச் சின்னம் என்று எவரும் சொல்வதில்லை. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் முடிவுக்கு வந்தது. கெப்பி மட்டும் தலையைவிட்டு இறங்கவில்லை. அதைப் படம் பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் கூடுகிறார்கள். அரசும் அதைப் பெருமையாகவே காட்டுகிறது. கடற்கரைச் சாலையில் டியூப்ளே நிற்கிறார். அதே சாலையில், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மடிந்த பிரெஞ்சிந்தியப் படையாட்களுக்கென 1938இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று விளக்கொளியில் மின்னுகிறது. காலனியம் விட்டுச்சென்றது என்பதற்காகவே ஒரு சின்னத்தை அகற்றியாக வேண்டும் என்ற விதி இந்நகரில் இல்லை. நாட்டின் பிற இடங்களில் அப்படியொரு விதி இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அது யார் மீது பாய்ந்தது, யாரை விட்டுவைத்தது என்பதுதான் இங்கே கேள்வி.

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் இந்தியக் கடற்படைக்குப் புதிய கொடி வழங்கப்பட்டது. பழைய கொடியிலிருந்த புனித ஜார்ஜின் சிலுவை நீக்கப்பட்டது. புதிய கொடியின் எண்கோண வடிவம் சத்ரபதி சிவாஜியின் முத்திரையிலிருந்து எழுந்தது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சிந்துதுர்க்கில், கடற்படை அதிகாரிகளின் தோள் சின்னங்களும் சிவாஜி மரபைத் தழுவும் என்று பிரதமர் கூறினார். தரைப்படையிலும் ஆங்கிலேயர் காலத்துப் பெயர்கள், வழக்கங்கள், சின்னங்கள் மறுஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. சிவாஜியை நாம் பேஷ்வாக்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1869லேயே ஜோதிராவ் புலே அவரைப் பார்ப்பனர் பிடியிலிருந்து மீட்டு உழவர் குலத்து மன்னராகப் பாடினார். ஆனால் நீக்கப்படும் ஒவ்வொரு சின்னத்தின் இடத்திலும் எது வந்து அமர்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அப்படிக் கவனிப்பதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு, மகர் ரெஜிமெண்ட்டின் தொப்பிச் சின்னம்.

மகர் ரெஜிமெண்ட்டின் முதல் படையணி 1941 அக்டோபர் 1 அன்று பெல்காமில் உருவாக்கப்பட்டது. அதன் சின்னத்தில் பீமா கோரேகான் வெற்றித்தூண் இடம்பெற்றது. 1946இல் அது இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவாக மாற்றப்பட்டது. முக்காலியில் பொருத்திய இரு விக்கர்ஸ் துப்பாக்கிகள் குறுக்காகக் கிடக்க, அவற்றோடு தூண் நிமிர்ந்து நின்றது. விடுதலைக்குப் பின் அந்தத் தூணை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு குத்துவாளை வைத்தார்கள். இன்றும் அந்தக் குத்துவாள்தான் இருக்கிறது. துப்பாக்கிகளும் அப்படியே இருக்கின்றன. விக்கர்ஸ் என்பது இங்கிலாந்து நிறுவனம். அந்த வகைத் துப்பாக்கியை இராணுவம் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆங்கிலேயன் வார்த்த துப்பாக்கி சின்னத்தில் இருக்கலாம். ஆங்கிலேயன் நட்ட கல் இருக்கக்கூடாது. வியப்பான கணக்கு இது.

அந்தக் கல்லில் அப்படி என்ன இருக்கிறது?

1817 டிசம்பர் 31 இரவு, கேப்டன் பிரான்சிஸ் ஸ்டாண்டன் தலைமையில் சுமார் 834 பேர் கொண்ட கம்பெனிப் படை ஷிரூரிலிருந்து புனே நோக்கி நடந்தது. பம்பாய் சுதேசிக் காலாட்படையின் முதல் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த இரண்டாம் படையணி, புனே துணைக் குதிரைப்படையின் ஒரு பிரிவு, மதராஸ் பீரங்கிப்படையின் இரு பீரங்கிகள், அவற்றை இயக்கிய 24 ஐரோப்பியர்கள். இவ்வளவுதான் அந்தப் படை. ஆம், நம் மதராஸும் அந்தக் களத்தில் இருந்தது. 1818 ஜனவரி 1 காலையில் பீமா ஆற்றங்கரையிலுள்ள கோரேகான் சிற்றூரில், இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் பெரும்படையை அவர்கள் எதிர்கொண்டார்கள். அப்படையில் 20,000 குதிரை வீரரும் 8,000 காலாட்களும் இருந்ததாகக் கணக்கு. களத்தில் இறக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,000 பேர். நாள் முழுவதும் உணவின்றி, நீரின்றிச் சண்டை நடந்தது. இரவில் பேஷ்வாவின் படை பின்வாங்கியது. கம்பெனித் தரப்பில் மடிந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 275 பேர். அவ்வாண்டின் நடுவில் பேஷ்வா ஆட்சியே முடிந்தது.

1821இல் கம்பெனி அங்கே தூணுக்கு அடிக்கல் இட்டது. அதில் மடிந்த 49 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றுள் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. மகர் ஆண்களின் பெயரோடு ஒட்டி வந்த பின்னொட்டு அது. மராத்தர், ராஜபுத்திரர், முஸ்லிம், யூதர் பெயர்களும் அதே கல்லில் உண்டு. பேஷ்வா ஆட்சியில் தன் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் கலயமும் கட்டி நடக்க வேண்டியிருந்த மக்களின் பெயர்கள், மராத்தர் பெயரும் ராஜபுத்திரர் பெயரும் பொறித்த அதே கல்லில் நிற்கின்றன. போரில் பட்டவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் பீடும் எழுதி வைப்பது நம் நாட்டு வழக்கமும்கூட. ஊரெங்கும் கிடக்கும் நடுகற்களை அறிந்தவர்களுக்கு ஒரு பெயர் கல்லில் ஏறுவதன் எடை தெரியும்.

இந்தப் போரைச் சாதி ஒழிப்புப் போராகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்துமா என்ற ஐயம் நேர்மையானது. ஆனந்த் டெல்டும்டே 2018 ஜனவரித் தொடக்கத்தில் இதையே எழுதினார். கம்பெனிப் படையில் மகர் மட்டுமே இருக்கவில்லை. சிப்பாய்கள் கூலிக்குப் போரிட்டார்கள். கம்பெனி தன் ஆதிக்கத்தை விரிக்கவே போரிட்டது. இவை எதையும் மறுக்கத் தேவையில்லை. ஒரு தூணின் பொருள் அது நடப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை. பின்னால் வந்தவர்கள் அதை வைத்து எதைக் கேட்டார்கள் என்பதும் அதன் பொருள்தான்.

மகர்கள் கேட்டது மிக எளிய ஒன்று: நாங்களும் படைவீரர்கள் என்று ஒப்புக்கொள்ளுங்கள். கோரேகானில் போரிட்ட படையணிக்கு அந்த வீரத்திற்காகவே கிரெனடியர் என்ற சிறப்பு வழங்கப்பட்டது. அந்த மரபு இன்றைய கிரெனடியர்ஸ் ரெஜிமெண்ட்டிடம் இருக்கிறது. மகர்களோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படையிலிருந்தே விலக்கப்பட்டார்கள். மதராஸ் படைத்தளபதியாக இருந்து பின் இந்தியாவின் படைத்தளபதியான ராபர்ட்ஸ் காலத்தில் வேரூன்றிய 'போர்க்குலம்' என்ற கோட்பாடு, வடமேற்கின் சில சாதிகளே பிறவி வீரர் என்றது. தென்னாட்டவர்க்கும் தீண்டப்படாதோர்க்கும் கதவு சாத்தப்பட்டது. பெயர் தூணில் இருந்தது. பேரனுக்குப் படையில் இடமில்லை.

இதை எதிர்த்து, முன்னாள் படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் விண்ணப்பம் வரைந்தார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மீண்டும் முறையிட்டார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் 111ஆம் மகர் படை தொடங்கப்பட்டது. தேவை தீர்ந்ததும் 1921இல் கலைக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். அண்ணல் பிறந்ததே மாவ் என்ற படைநகரில். அவர் 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் சென்றார். மகத் குளத்தில் நீர் அள்ளுவதற்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. 1941இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அவர், மகர்களுக்குத் தனிப் படைப்பிரிவு வேண்டும் என்று வலியுறுத்தினார். அவ்வாண்டே அது அமைந்தது. ஆகவே 1941இல் தொப்பியில் ஏறிய தூணை ஆங்கிலேயர் புகழ்பாடும் சின்னமாக மட்டும் படிப்பது பாதிப் படிப்பு. அரை நூற்றாண்டு மனுப் போட்டு வென்ற ஒரு மக்களின் சான்று அது. துரோகம் செய்த அதே அரசின் நெற்றியில் அதன் துரோகத்தை எழுதி ஒட்டிய சான்று.

இப்போது அருகிலுள்ள தொப்பிகளைப் பார்ப்போம். நம் பகுதி இளைஞர்கள் சேரும் மதராஸ் ரெஜிமெண்ட்டின் சின்னம் யானை. கேடயத்தின் மேல் நிற்கும் யானையும் குறுக்கு வாள்களும். அது வெறும் யானை அன்று, அசாயே யானை. 1803 செப்டம்பர் 23 அன்று அசாயேயில் ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையில் கம்பெனிப் படை மராத்தரான சிந்தியாவையும் போன்ஸ்லேயையும் தோற்கடித்தது. அதில் பங்கேற்ற படைகளுக்குப் பரிசாகத் தரப்பட்டது யானைச் சின்னம். எதிரி மராத்தர், வென்றது கம்பெனி, போரிட்டவர் இந்தியச் சிப்பாய்கள். கோரேகானுக்கும் அசாயேக்கும் 15 ஆண்டு இடைவெளிதான். யானை இன்னும் தொப்பியில் இருக்கிறது, தூண் இல்லை. கோரேகான் பெருமையின் அதிகாரப்பூர்வ வாரிசான கிரெனடியர்ஸ் ரெஜிமெண்ட்டின் சின்னத்தில் எரிகுண்டும், அதன் மேல் ஹனோவரின் வெள்ளைக் குதிரையும் இருக்கின்றன. ஹனோவர் என்பது இங்கிலாந்தை ஆண்ட அரச குடும்பத்தின் ஜெர்மானியத் தாயகம். அந்த வெளிநாட்டு அரச குதிரையும் இறங்கவில்லை.

இதற்கு இராணுவத் தரப்பில் சொல்லத்தக்க விடை ஒன்று உண்டு. இந்திய அரசர்களுக்கும் மக்களுக்கும் எதிராகப் பெற்ற போர்ப்பெருமைகளைக் கொண்டாடுவதில்லை என்று விடுதலைக்குப் பின் முடிவு செய்யப்பட்டது. அசாயேயும் கோரேகானும் ஒருங்கே அந்தப் பட்டியலில் உள்ளன. நல்லது. ஆனால் அசாயே பட்டியலில் சேர்ந்த பிறகும் அதன் யானை தொப்பியில் நீடிப்பது எப்படி? யானைக்கு வேறு பொருள் சொல்லிவிடலாம் என்பதே காரணமாக இருக்க வேண்டும். வலிமை என்பார்கள், பொறுமை என்பார்கள், பிள்ளையாரையும் நினைத்துக்கொள்ளலாம். குதிரைக்கு வேகம் என்று பொருள் சொல்லலாம். 22 பெயர்கள் பொறித்த கல்லுக்கு அப்படி மாற்றுப்பொருள் சொல்ல வழியில்லை. அது யார், எங்கே, யாருக்கு எதிராக என்ற மூன்றையும் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனிடத்தில் வந்த குத்துவாளோ யாருடையதுமில்லை, எந்த ஊருடையதுமில்லை.

ரெஜிமெண்ட் இப்போது பல சாதியினரும் கலந்தது, ஒரு சமூகத்தின் நினைவு எல்லாருக்கும் பொதுச் சின்னமாக முடியாது என்பது இன்னொரு விடை. சீக்கிய ரெஜிமெண்ட்டின் சின்னத்தில் சீக்கியர் அணியும் சக்கரம் இருக்கிறது. மராத்தா இலகு காலாட்படை சத்ரபதி சிவாஜியின் பெயர் சொல்லிப் பாய்கிறது. ராஜ்புத் ரெஜிமெண்ட் பஜ்ரங்பலியை அழைக்கிறது. மகர் ரெஜிமெண்ட்டின் போர்முழக்கம் இந்துஸ்தானத்துக்கு வெற்றி என்பதே. பிறர் தம் கடவுளையும் மன்னனையும் சொல்லிக்கொள்ள, நாட்டை மட்டும் சொல்லும் படையின் தொப்பியிலிருந்தே சமூக நினைவு அகற்றப்பட்டிருக்கிறது.

மதராஸ் ரெஜிமெண்ட் பற்றி இன்னும் ஒன்று. அதன் இலச்சினைத் தொடர் பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது; தன் தருமத்தில் நின்று சாவதே மேல் என்பது அதன் பொருள். படையில் அதைக் 'கடமை' என்று பெயர்த்துக்கொள்கிறார்கள். பிறருக்குரிய தருமத்தை ஏற்காதே என்ற எச்சரிக்கையோடு சேர்ந்தே அந்தத் தொடர் மூலத்தில் வருகிறது என்பதை அறிந்த நமக்கு, அது வருண தருமத்தின் குரலாகத்தான் கேட்கும். மதராஸ் மாகாணத்துப் பறையர்கள் படையில் எங்கே வைக்கப்பட்டார்கள் என்று பார்த்தால் இந்த ஐயம் வலுக்கிறது. 1780இல் தொடங்கிய பயனியர் மரபில் வந்த மதராஸ் சாப்பர்ஸ் படையிலும் மதராஸ் பயனியர்ஸ் படையிலும் அவர்கள் பெருமளவில் இருந்தார்கள். சாலை போடுவது, பாலம் கட்டுவது, அகழி வெட்டுவது அப்படைகளின் பணி. போர்க்குலக் கோட்பாடு மதராஸ் காலாட்படையைத் தேய்த்துத் தேய்த்து 1928இல் முற்றிலும் கலைத்தபோதும், மண்வெட்டி பிடித்தவர்களை அது முழுவதுமாக விட்டுவிடவில்லை. பயனியர்ஸ் 1933இல் கலைக்கப்பட்டது. சாப்பர்ஸ் இன்றும் பெங்களூருவில் இருக்கிறது. மகர்களுக்குக் கிடைத்ததுபோல் பெயர் சொல்லும் தூண் இவர்களுக்கு வாய்க்கவில்லை.

புதுச்சேரியில் வேறொரு கதை. ஆங்கிலேயர் படையில் சாதி பெயரின் வாலாகவே ஒட்டிக்கொண்டு வந்தது. 'நாக்' என்ற அந்த வால் இல்லையென்றால் இன்று நாம் தூணைப் படித்திருக்கவே முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் எதிர்வழியில் போனார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தம் வழக்காற்று உரிமையியல் நிலையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் இந்தியர், புதிய குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு ரெனோன்சான் ஆகலாம். ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் இதைப் பெருமளவில் பற்றிக்கொண்டார்கள். சண்முக வேலாயுத முதலியார் தலைமையிலான சாதி இந்துக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். துறந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போனார்கள். ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் இந்நகரத் தெருக்களில் இன்றும் உண்டு. அவர்களின் பதக்கங்களில் சாதி எழுதப்படவில்லை. அதனாலேயே, அவர்களில் எத்தனை பேர் சேரிகளிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை எந்தக் கல்லைப் பார்த்தும் சொல்ல முடியாது.

இவ்விரண்டில் எது மேல் என்று கேட்டால், பெயர் மாற்றத்தால் சாதி போய்விடும் என்ற நம்பிக்கையை இவ்வூரே பொய்யாக்கியது என்பேன். சம்பா கோவிலுக்குள் பறையர் கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், 1745இல் அது இடிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே கடவுளை வணங்கியவர்களுக்கிடையே நின்ற சுவர் அது. இருந்தும், துறந்தவர்களுக்குக் கிடைத்த குடியுரிமையும் ஓய்வூதியமும் பொய்யல்ல. தூணில் பெயர் கிடைத்த மகர்களுக்கு 1890களில் அதுவும் கிடைக்கவில்லை.

பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குச் சமார் ரெஜிமெண்ட்டும் சாட்சி. 1943 மார்ச் 1இல் தொடங்கி, பர்மாப் போர்முனையில் பணியாற்றி, 1946 டிசம்பரில் கலைக்கப்பட்டது. அதை மீட்க வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுகிறது. 2022இல் வந்த அக்னிபத் திட்டமோ அனைத்திந்திய, அனைத்து வகுப்பு என்ற அடிப்படையில் ஆள் சேர்ப்பதாகச் சொல்கிறது. சாதி பார்க்காத சேர்ப்பு நாம் வரவேற்க வேண்டியதே. நான்காண்டு முடிந்ததும் முக்கால்வாசிப் பேரை ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தோடு அது சேர்ந்து வருவதுதான் உறுத்துகிறது. ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்குப் படைவேலை தலைமுறையை மாற்றும் வேலையாக இருந்தது. ராம்ஜி சக்பாலின் வீடே அதற்குச் சான்று.

இராணுவச் சின்னத்தின் மீது நாம் கொள்ளும் பெருமைக்கு ஓர் எல்லையும் வேண்டும். மகர் ரெஜிமெண்ட்டின் ஒரே பரம்வீர் சக்கரம் ஒரு தமிழருடையது: 8ஆம் படையணியின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் அவர் மடிந்தார். எதிரே நின்றவர்களும் தமிழர்களே. அமைதிப்படை என்ற பெயரில் சென்ற இந்திய இராணுவம் அதற்கு முந்தைய மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் சுட்டுக் கொன்றதை ஈழத்தமிழர் மறக்கவில்லை, நாமும் மறக்கக்கூடாது. ஒடுக்கப்பட்டவரின் பெயர் தாங்கிய படையும் அரசின் படையே. தூண் தொப்பியில் இருந்திருந்தாலும் அது மாறியிருக்காது.

ஒருவகையில், தொப்பியை விட்டு இறங்கிய தூண் மக்களிடம் வந்துவிட்டது. ஜனவரி 1 தோறும் இலட்சக்கணக்கானோர் அதைக் காண வருகிறார்கள். அரசும் ஆதிக்கச் சாதிகளும் அஞ்சியது இந்தக் கூட்டத்துக்குத்தான். 200ஆம் ஆண்டை ஒட்டி, 2017 டிசம்பர் இறுதியில், அருகிலுள்ள வடு புத்ருக்கில் கோவிந்த் கோபால் மகரின் நினைவிடத்தில் வைத்த பெயர்ப்பலகை சேதப்படுத்தப்பட்டது. சம்பாஜிக்கு இறுதிச் சடங்கு செய்தவர் ஒரு மகர் என்பதை அது சொன்னது, அதுவே குற்றமாயிற்று. 2018 ஜனவரி 1 அன்று தூணை நோக்கி வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். ஓர் இளைஞர் உயிரிழந்தார். தாக்கியவர்களைத் தேடுவதைவிட, முந்தைய நாள் சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத்தைக் குடைவதில்தான் விசாரணை ஊக்கம் காட்டியது. எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் என 16 பேர் சிறைப்பட்டார்கள். அந்தப் போரைப் புனைவாக்க வேண்டாம் என்று எழுதிய டெல்டும்டேயும் அவர்களில் ஒருவர். 2020 ஏப்ரல் 14 அன்று, அண்ணலின் பிறந்த நாளில் அவர் சரணடைய நேர்ந்தது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி, பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று 84ஆம் வயதில் காவலில் இறந்தார்.

மகர் ரெஜிமெண்ட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் அந்த ஜனவரிக் கூட்டத்தில் வருகிறார்கள். வரிசையாக நின்று தூணுக்கு வணக்கம் செலுத்துகிறார்கள். பழைய படைத் தொப்பியோடு வருவோர் நெற்றியில் விக்கர்ஸ் துப்பாக்கிகளும் குத்துவாளும் இருக்கின்றன.